பரிசலுக்கு ஒரு விலை

பாலக்கரை, திருச்சி
29.9.2025

மதுசூதன் சாருக்கு, லூர்துராணி எழுதுவது.

நடந்தது இதுதான். போன திங்கட்கிழமை, 22ஆம் தேதி காலை, மணப்பாறையில் என்னிடம் கம்ப்யூட்டர் வாங்கிய பதினோரு முறுக்குக் கடைகளில் பில் போட முடியவில்லை. முறுக்குக்கு வரி குறைந்த முதல் நாள் அது. புது வரி போட்ட பில் ப்ரோக்ராமை அந்தப் பதினோரு கடைக்கு மட்டும் நான் அனுப்பியிருந்தேன். அதோடு உங்கள் பரிசலின் புது வெர்ஷனும் சேர்ந்து போனது. காலையில் பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரை. ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. பாலக்கரையில் லூர்து சிஸ்டம்ஸ் என்னுடையது. ஆபீஸ்கள் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களை ஏலத்தில் எடுத்து, பழுது பார்த்து, லினக்ஸ் போட்டு, பில் போடும் பெட்டியாக்கிக் கடைகளுக்கு விற்கிறேன். முசிறி, மணப்பாறை, திருவெறும்பூர் என்று முன்னூறு கடைக்கு மேல். அத்தனை பெட்டியிலும் உங்கள் பரிசல்தான் ஓடுகிறது. பரிசல் என்றால் என்ன என்று கடைக்காரர்கள் கேட்டால் இப்படிச் சொல்வேன்: "உள்ள ஒரு ஆள் இருக்கான். வேண்டிய ப்ரோக்ராமைப் போய் எடுத்துட்டு வருவான். முத்திரையைப் பாத்து அசல் சரக்குதானான்னு சோதிப்பான். அதுக்குத் துணையா என்னென்ன வேணுமோ அதையும் சேர்த்து இறக்கி, அதது இடத்துல வைப்பான். கூலி கேக்க மாட்டான்."

அந்த ஆள் அன்றைக்கு வரவில்லை. கோபத்தில் உங்கள் புகார்ப் பக்கத்தில் தமிழிலேயே எழுதினேன். மென்மையாக எழுதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதைப் படித்துவிட்டுக் கடைக்காரர்கள் சிலர் உங்கள் வீட்டுக்குப் போன் செய்தார்களாம். மூன்றாம் நாள் நீங்கள் அறிவிப்புப் போட்டீர்கள்: பரிசல் டிசம்பர் 31 வரைதான், முத்திரைச் சாவி அன்றோடு காலாவதியாகிறது, புதுப்பிக்கப் போவதில்லை.

என் பில் ப்ரோக்ராமை எழுதுகிற பெண் நசீராவிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "முத்திரை செல்லாத சரக்கைப் பரிசல் தொடாதுக்கா. அடுத்த தடவை வரி மாறினா நம்ம முன்னூறு பெட்டியும் வெறும் டப்பா" என்றாள்.

மெயில் போட்டேன், திரும்பி வந்தது. போன் அடித்தேன், கனெக்ஷனே இல்லை. சனிக்கிழமை நேரில் வந்தேன். புரட்டாசிக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உங்கள் வீட்டம்மா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "அவர் யாரையும் பாக்கறதில்லை" என்றார்கள். உள்ளே கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அதனால்தான் தபால். தபால்காரரைத் திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கெட்டதைச் சரி செய்யுங்கள். சாவியைப் புதுப்பியுங்கள். எவ்வளவு வேண்டும், சொல்லுங்கள்.

லூர்துராணி


கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
4.10.2025

திருமதி லூர்துராணி அவர்களுக்கு நமஸ்காரம்.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருப்பதால் எழுதுகிறேன். ஒன்றும் வேண்டாம். ஒன்பது வருஷமாகப் பரிசலுக்கு யாரிடமும் நான் ஒன்றும் வாங்கியதில்லை.

பரிசல் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், உங்களைப் போலப் பெட்டியில் போட்டு விற்கவும் செய்யலாம். நீங்கள் விற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதோடு கூடவே ஒரு வாசகம் வருகிறது: இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதைக் கடைக்காரர்களுக்குப் படித்துக் காட்டினீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், போனை எடுத்தது என் மனைவி ஹம்ஸா. ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒருவர், "காசையும் வாங்கிட்டுப் பெட்டியையும் கெடுத்துட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்றார். அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "ஏன்னா, யார்கிட்ட காசு வாங்கினேள்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாள். பிறகு வேறொன்று கேட்டாள்: "ஒம்பது வருஷத்துல ஒருத்தராவது நன்னாருக்குன்னு சொன்னாளா?"

யோசித்துப் பார்த்தேன். பகலில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை. அதற்கு முன்னும் பின்னும் பரிசலின் புகார்கள். இப்போது நானூறுக்கு மேல் நிற்கின்றன. பிரேசிலில் ஒருவருக்குப் பிரிண்டர் ஓடவில்லை. போலந்தில் ஒருவருக்கு நான் எழுதிய நிரலின் அழகு போதவில்லை. எல்லாருக்கும் அவசரம், எல்லாருக்கும் கோபம். ஓடுகிறது என்று சொல்ல யாரும் எழுதுவதில்லை. கடைசியில் உங்கள் புகார். தமிழில் வந்த முதல் புகார் அதுதான். ஒன்பது வருஷத்தில் முதன்முதலாக என் பாஷையில் ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று ஆசையாகத் திறந்தேன்.

அறிவிப்பில் மாற்றமில்லை. சாவியைப் புதுப்பிக்க மாட்டேன்.

ஒன்று மட்டும், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அன்று திரையில் கடைசியாக வந்த வரி எது? கறுப்புத் திரை என்றால் போதாது. வரிக்கு வரி எழுதவும்.

மதுசூதன்


பாலக்கரை
8.10.2025

மதுசூதன் சாருக்கு,

போன் பண்ணிய ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். "பரிசல்காரர் உங்ககிட்டப் பைசா வாங்கலை, என்கிட்டயும் வாங்கலை. பெட்டிக்கும் சர்வீசுக்கும் காசு வாங்கினது நான். திட்டுறதுன்னா இங்க வாங்க" என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். புகார்ப் பக்கத்தில் நான் எழுதியதை அழிக்க மாட்டேன். அழித்தால் சொல்லவே இல்லை என்கிற மாதிரி ஆகிவிடும். அதற்குக் கீழேயே இதையும் எழுதியிருக்கிறேன்.

உத்தரவாதம் இல்லை என்கிற வாசகத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. காட்டினால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள்.

இனி நீங்கள் கேட்டது. திரையில் கடைசியாக என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை சார். அதுதான் கோளாறே. தினமும் காலையில் பெட்டியைப் போட்டால் பரிசல் ஓடி, புதிதாக ஏதும் இருந்தால் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் "கரை சேர்ந்தது" என்று தமிழில் ஒரு வரி காட்டும். நான் பெட்டி விற்கும்போது பாடமாகச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். "கரை சேர்ந்ததுன்னு வர்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. ஒயரைப் புடுங்கக் கூடாது. கரண்ட் போனாலும் யு.பி.எஸ். இருக்கு, பதறக் கூடாது. அந்த வரி வந்தப்புறம் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டுங்க, பில் வரும்." பல பேருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அந்தத் தமிழ் வரி ஒன்றுதான் அவர்களுக்குப் பிடிமானம்.

மணப்பாறை வியாகுலம்மாள் கடையில் அதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். கரை சேர்ந்தது என்று வந்த பிறகுதான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறும். ராசி பார்க்கிற அம்மா. 22ஆம் தேதி அது வரவே இல்லை. அடுப்பு பற்றவில்லை. பத்து மணி வரை எட்டுப் பெண்கள் மாவைப் பிசைந்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஓடினேன். அவர்களுடையதுதான் பெரிய ஆர்டர் என்று முதலில் அந்தப் பெட்டியைத்தான் பிரித்தேன். பெட்டி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, முழுக்கத் துடைத்து, பழைய டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். ஓடியது. ஆனால் பெட்டியில் எழுதி வைத்திருந்த தீபாவளி ஆர்டர் அத்தனையும் அழிந்து போயிற்று. மற்ற பத்துக் கடைக்கும் துடைக்காமல், பழைய பரிசலை மட்டும் மேலே ஏற்றிவிட்டேன்.

வரிக்கு வரி எழுதச் சொன்னீர்கள். எழுத ஒரு வரிகூட இல்லை.

லூர்துராணி


கீழச் சித்திரை வீதி
13.10.2025

லூர்துராணி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹம்ஸாவுக்குப் படித்துக் காட்டினேன். மாவைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நேராகவே சொல்கிறேன். அன்று ஒன்றும் கெடவில்லை. பதினோரு பெட்டிகளிலும் பரிசல் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, யாராவது ஒரு பட்டனைத் தட்டுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது. தட்டியிருந்தால் பில் திரை வந்திருக்கும். அந்தப் பக்கம் எட்டுப் பெண்கள், இந்தப் பக்கம் பரிசல். நீங்கள் பாடம் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

வரியை எடுத்தவன் நான். ஆகஸ்டில்.

அது நான் பரிசலை எழுதத் தொடங்கிய வருஷம் விளையாட்டாகப் போட்டது. எந்த நாட்டுக் கம்ப்யூட்டராக இருந்தாலும் வேலை முடிந்ததும் தமிழில் "கரை சேர்ந்தது" என்று காட்டும். புரியாத எழுத்து எதற்கு என்று வெளிநாட்டில் பலர் முனகிக்கொண்டே இருந்தார்கள். எடுக்க மனசில்லாமல் தள்ளிப்போட்டேன். பரிசலைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்கள் என் இடத்துக்கு வந்து சரக்கு எடுக்கும்போது, எந்த மொழியில் அமைத்திருக்கிறது என்பதை மட்டும் எண்ணி வைப்பேன். பெயர், ஊர் எதுவும் தெரியாது. ஆகஸ்டில் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். ஜெர்மன் ஆறாயிரத்துச் சொச்சம். போர்ச்சுகீஸ் நாலாயிரம். தமிழ்: ஒன்று.

அந்த ஒன்று என் கம்ப்யூட்டர்.

ஒருத்தனுக்காக ஒரு வரி எதற்கு என்று எடுத்துவிட்டேன். உள்ளபடி சொன்னால், பரிசலை விட்டுவிடலாம் என்று மனசு திரும்பியது அன்றைக்குத்தான். உங்கள் புகார் பிறகு வந்தது.

முன்னூறு கடைகள் என்கிறீர்கள். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கமே. என் பட்டியலில் அவர்கள் ஏன் இல்லை?

மதுசூதன்


பாலக்கரை
17.10.2025

மதுசூதன் சாருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். வியாகுலம்மாளின் ஆர்டரை அழித்தது பரிசல் இல்லை, நான். சரி. போய்ச் சொல்லிவிட்டேன். "ஒரு பட்டனா? ஒரே ஒரு பட்டனா?" என்று கேட்டுவிட்டு, "இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம் ராணி. கம்ப்யூட்டர்காரன் கெடுத்தான்னு நிம்மதியா இருந்தேன்" என்றார்கள். ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாயால் சொன்னதைத் திரும்ப எழுதிக்கொண்டோம். அதிசயம், ஒருத்தர் விடாமல் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்களாம். வித்தியாசத்தை நான் ஈடு கட்டினேன். அது என் பாடு.

உங்கள் பட்டியலில் என் கடைகள் ஏன் இல்லை? அதற்கும் காரணம் நான்தான். முன்னூறு பெட்டியும் நேராக உங்களிடம் வருவதில்லை. என் கடையில் ஒரு கம்ப்யூட்டர் உங்களிடமிருந்து எல்லாவற்றையும் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளும். மற்ற பெட்டிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். முசிறிப் பக்கம் நெட் இழுக்காது என்று கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை.

மீதியையும் சொல்கிறேன். எனக்கு எத்தனை கடை இருக்கிறது என்று வெளியே தெரியக் கூடாது. இந்தத் தொழிலில் நான் இருபது பெட்டியோடு ஆரம்பித்தேன். பொம்பளை, பத்தாவது வரைதான் படித்தவள், இவளுக்கு எங்கே ஓடப் போகிறது என்று எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அலட்சியத்தில்தான் வளர்ந்தேன். முன்னூறு கடை என்று தெரிந்தால் நாளைக்கே எதிரில் ஒருத்தன் விலையைக் குறைத்துக் கடை போடுவான். அதனால் எங்கேயும் எண்ணிக்கை தெரியாத மாதிரி நசீராவிடம் சொல்லிக் கட்டி வைத்தேன். கடைகளின் பெட்டிகள் எல்லாம் தமிழில், என் கடைக் கம்ப்யூட்டர் மட்டும் இங்கிலீஷில் இருக்கிறது. உங்கள் பட்டியலில் இங்கிலீஷ்காரர்களோடு ஒருத்தியாக நின்றிருப்பேன்.

போட்டிக்காரனிடம் மறைத்தது உங்களுக்கும் மறைந்து போயிற்று. அப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. வருத்தம்தான்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் மணப்பாறைக் கடைகள் காலை ஆறரைக்கே திறந்துவிடும். சும்மா சொல்கிறேன்.

லூர்துராணி


பாலக்கரை
3.11.2025

மதுசூதன் தம்பிக்கு,

உங்கள் பதில் வரவில்லை. ஆனால் வியாகுலம்மாள் போன் பண்ணினார்கள். "ராணி, ஒரு ஆள் வந்தார். நெத்தியில ஒத்தைக் கோடு, கையில மஞ்சப் பை. கடை திறக்கும் முன்னாடியே வாசல்ல நிக்கிறார். கால் கிலோ முறுக்குன்னார். இன்னும் சுடலைங்க, மெஷின் கரை சேரட்டும்னேன். உள்ள வந்து பாக்கலாமான்னு கேட்டார். பாருங்கன்னேன். வரி வந்துச்சு, புள்ளைங்க அடுப்பைப் பத்த வைச்சு முதல் ஈடு முறுக்கும் எடுத்துட்டாங்க, நான் இன்னும் பட்டனைத் தட்டலை. அந்த மனுஷன் திரையை விட்டு நகரலை. என்ன சார், முறுக்கு இங்க இருக்கு, அங்க என்ன பாக்குறீங்கன்னேன். 'எழுத்து நன்னாருக்கு'ங்கிறார். 'நல்லாத்தான் இருக்கு, யார் எழுதினானோ புண்ணியவான், அது வந்தாத்தான் எங்களுக்குப் பொழுதே விடியும்'னேன். அவருக்கு அடுப்புப் புகை கண்ல பட்டிருச்சு போல, துடைச்சுக்கிட்டார். காசைக் குடுத்துட்டு முறுக்கை வாங்காமப் போயிட்டார் ராணி. திருப்பி வந்து கேட்டா என்ன செய்யிறது?"

அவர் வர மாட்டார், நான் சேர்ப்பித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதோடு வருகிற பொட்டலம் அதுதான். காசு கொடுத்த சரக்கு, தயங்காமல் சாப்பிடலாம்.

இப்போது பேரத்துக்கு வருகிறேன். கடைக்கு மாதம் ஐம்பது ரூபாய் வசூல் பண்ணி உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் பரிசலை நடத்துங்கள். சம்மதமா?

லூர்துராணி


கீழச் சித்திரை வீதி
10.11.2025

லூர்துராணி அம்மாவுக்கு,

முறுக்கு வந்து சேர்ந்தது. ஹம்ஸா பாதியை ஸ்கூலுக்கு எடுத்துப் போனாள்.

நான் மணப்பாறை போனதைப் பற்றி எழுதப் போவதில்லை. வியாகுலம்மாளே எல்லாம் சொல்லிவிட்டார்கள். புகை என்று சொன்னதற்கு அவர்களுக்கு என் நன்றி.

காசு வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. காசு வாங்கினால் ஹம்ஸா எடுத்த அந்தப் போனில் வந்த பழி நியாயமாகிவிடும். அன்று, நான் வாங்கவில்லை என்று அவளிடம் சொல்ல முடிந்தது. ஐம்பது ரூபாயானாலும் அதைச் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியம், எனக்கு உடம்பு தாங்கவில்லை. இது சோர்வு இல்லை, சோர்வு தூங்கினால் போகும். புகார்ப் பக்கத்தைத் திறக்கப் போய், திறக்காமலே எழுந்து வந்துவிடுகிறேன். முன்னூறு கடைகள் இருப்பது தெரிந்தபின் பரிசலை விட மனசு வரவில்லை. ஆனால் முன்னைப் போல நடத்தவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மதுசூதன்


பாலக்கரை
14.11.2025

தம்பி,

தெரியும். கேளுங்கள்.

முதலில் சாவி. பரிசலுக்கு முத்திரை குத்துகிற சாவி உலகத்திலேயே உங்கள் ஒருத்தரிடம்தான் இருக்கிறது என்று நசீரா சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவி ஒரே ஆளிடம் இருக்கிற கடைக்கு நான் கடனுக்குச் சரக்குக் கொடுக்க மாட்டேன். அவர் காய்ச்சலில் படுத்தால் ஷட்டர் திறக்காது. நீங்கள் ஒன்பது வருஷமாகக் காய்ச்சலோடு ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொரு சாவி வேண்டும். நசீராவுக்குக் கொடுங்கள். ஆறு வருஷமாக என் பில் ப்ரோக்ராம் அவள் கையில். வரி பன்னிரண்டிலிருந்து ஐந்தானபோது ஒரு பைசா பிசகவில்லை. நான் சொன்னால் நம்ப வேண்டாம். அவளை அனுப்புகிறேன், சோதித்துப் பாருங்கள்.

அடுத்து புகார். அதை நீங்கள் திறக்காதீர்கள். உள்ளூர்ப் புகார் என் கடைக்கு வரட்டும். திட்டு வாங்க எனக்குப் பயமில்லை, அதை வைத்துத்தான் கடை நடத்துகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் புகாரை நசீரா பார்த்துப் பொறுக்கி, உண்மையான கோளாறை மட்டும் உங்களிடம் கொண்டுவருவாள். அழகு போதவில்லை என்கிறவருக்கு அவளே பதில் சொல்லிக்கொள்வாள். அவள் வாயை எனக்குத் தெரியும்.

காசு. நான் கொடுத்தே தீருவேன். இலவசமாக வாங்கினால் நான் கெஞ்ச வேண்டும். காசு கொடுத்தால் கேட்கலாம். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. ஆனால் காசு உங்களுக்கு இல்லை. உங்களுக்கும் புகாருக்கும் நடுவில் நிற்கப் போகிறாளே, அவளுக்கு. வாரத்தில் ரெண்டு நாள் அவள் என் வேலையை விட்டுப் பரிசலைப் பார்க்க வேண்டும். அதற்குக் கூலி. இதில் உங்கள் வீட்டம்மா கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

உங்கள் நிபந்தனை என்ன?

லூர்துராணி


கீழச் சித்திரை வீதி
24.11.2025

லூர்துராணி அம்மாவுக்கு,

நேற்று நசீரா வந்திருந்தாள். ஹம்ஸா கேட்டைத் திறந்துவிட்டாள். காபி கொடுத்தாள்.

நான் சோதிக்கத்தான் நினைத்தேன். அவள் உட்கார்ந்த உடனே, "சார், நெட் நிக்காத ஊர்லயும் ஆள் இருக்குன்னு உங்க ப்ரோக்ராம் யோசிக்கவே இல்லை" என்று ஆரம்பித்தாள். சரக்கு பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து எடுக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு ஒரு திருத்தத்தை எழுதியே கொண்டுவந்திருந்தாள். முசிறிக் கடைகளுக்காக ரெண்டு வருஷம் முன்பே எழுதினாளாம். "அனுப்பியிருக்கலாமே அம்மா" என்றேன். "அனுப்பினா எங்க எண்ணிக்கை தெரிஞ்சுரும்னு அக்கா சொல்லிட்டாங்க" என்றாள்.

அவளுக்கும் ஒரு சாவி கொடுக்கிறேன். இதை எழுதும்போதும் தயக்கம்தான். ஒன்பது வருஷமாக என்னைத் தவிர யாரிடமும் இருந்ததில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

என் நிபந்தனைகள். ஏகாதசியன்றும், பகல் பத்து இராப் பத்து நாட்களிலும் என்னைக் கூப்பிடக் கூடாது. அப்போது எங்கள் தெருவில் நடக்கவே இடமிருக்காது, மனசும் கோயிலில் இருக்கும்.

இன்னொன்று. இதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். உங்கள் கடைகள் எண்ணிக்கையில் வர வேண்டும். கடைப் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். உங்கள் கடைக் கம்ப்யூட்டர் வாரம் ஒருமுறை, இத்தனை பெட்டிகள், இன்ன மொழி என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் பொதுவில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். உங்கள் போட்டிக்காரரும்தான். ஆனால் நாளைக்கு நான் போய் வேறொருவர் பரிசலைப் பார்த்துக்கொண்டாலும், அவர் எதையாவது எடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் பார்ப்பார். நான் பார்த்த எண் பொய்யாக இருந்தது. இனி இருக்கக் கூடாது.

மதுசூதன்


பாலக்கரை
1.12.2025

தம்பி,

ஒரு வாரம் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். எதிர்க்கடையில் புதிதாக ஷட்டர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், என்ன கடை என்று தெரியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கடிதம் ஞாபகம் வருகிறது.

நசீராதான் முடித்து வைத்தாள். "அக்கா, எண்ணிக்கையை மறைச்சு வைச்சதுல நமக்கு என்ன மிச்சம்? பதினோரு கடை அடுப்பு பத்தலை."

எண்ணிக்கொள்ளுங்கள். இன்று சாயங்காலத்திலிருந்து என் கம்ப்யூட்டர் சொல்லும்.

லூர்துராணி


கீழச் சித்திரை வீதி
9.12.2025

லூர்துராணி அம்மாவுக்கு,

புதிய வெர்ஷன் நேற்று வெளியாயிற்று. சாவியும் புதுப்பித்தாகிவிட்டது, இன்னும் ஐந்து வருஷத்துக்கு. முத்திரை குத்தியது நசீரா. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கமில்லாத வேலை, கஷ்டமாகத்தான் இருந்தது. டிசம்பர் 31 அறிவிப்பை எடுத்துவிட்டேன்.

தமிழில் அமைத்த கம்ப்யூட்டர்களில் "கரை சேர்ந்தது" மறுபடி வரும். ஜெர்மன்காரர்களுக்கு வராது, அவர்களும் நிம்மதியாக இருக்கட்டும்.

இந்த முறை முதலில் ஒரே ஒரு கடைக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். வியாகுலம்மாள் கடையில் இன்று காலை அடுப்பு நேரத்துக்குப் பற்றியதாம்.

பட்டியலைப் பார்த்தேன். ஹம்ஸாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். தமிழ்: முன்னூற்றுப் பதினெட்டு. "இதுல நீங்க ஒண்ணு" என்றாள். கழித்துப் பார்த்தாலும் நிறையத்தான் இருக்கிறது.

பேசியதை எல்லாம் ஒருமுறை எழுதி அனுப்புங்கள். உங்களுக்குத்தான் அது பழக்கம்.

மதுசூதன்


பாலக்கரை
13.12.2025

மதுசூதன் தம்பிக்கு,

எதிர்க்கடை ஜூஸ் கடையாம். பத்து நாள் தூக்கம் வீண்.

பேசி முடித்ததை எழுதச் சொன்னீர்கள். பரிசலின் சாவி இனி ரெண்டு பேரிடம், உங்களிடமும் நசீராவிடமும். ஒருத்தருக்கு முடியாத நாளில் மற்றவர் முத்திரை குத்துவார். திட்டு எதுவானாலும் முதலில் பாலக்கரைக்கு வரும், கோளாறு மட்டும்தான் ஸ்ரீரங்கம் போகும். ஏகாதசியன்றும், பகல் பத்து இராப் பத்திலும் உங்களைக் கூப்பிட மாட்டோம். பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நான் கடை திறக்க மாட்டேன், அன்றைக்கு வருகிற திட்டை நசீரா வாங்கிக்கொள்வாள். ரம்ஜானுக்கு நான் வாங்கிக்கொள்கிறேன். என் கடைகளின் எண்ணிக்கை ஊரே பார்க்கிற மாதிரி உங்கள் பட்டியலில் நிற்கும், கூடினாலும் குறைந்தாலும். அந்தத் தமிழ் வரியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் வியாகுலம்மாளைக் கேட்க வேண்டும்.

கடைக்காரர்களிடம் ஐம்பது கேட்டேன், இழுத்து இழுத்து முப்பதில் நின்றார்கள். ஆக, விலை கடைக்கு மாதம் முப்பது ரூபாய், ஜனவரி முதல் தேதியிலிருந்து, நசீரா கையில். உங்களுக்கு ஒரு பைசா கிடையாது.

லூர்துராணி